கொடையும் நிபந்தனையும்

அறிவுச் செல்வத்தைப் பிறர்க்கு வழங்குவோர் இரு வகையினர். ஒரு சாரார் கொடுத்ததோடு மறந்துவிடுவர். பெற்றவர் அதனை எவ்வாறு பயன்படுத்தினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. மற்றொரு சாரார் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுப்பர். பொருள் எத்தனை கை மாறினாலும் அந்நிபந்தனையும் உடன் செல்லவேண்டும் என்பது அவர்தம் விருப்பம். இவ்விரண்டனுள் எது சிறந்த கொடை என்னும் வினா மிகப் பழையது. நம் காலத்தில் அது கணினி மென்பொருள் துறையில் புதுவடிவம் எடுத்து, நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கின்றது. நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அத்துறைக்குச் சென்று பிழைப்பு நடத்துகின்றனர். ஆதலின் அவ்வினாவின் வரலாற்றை அறிந்துகொள்வது பெற்றோராகிய நமக்கும் பயன்தரும். அவ்வரலாற்றைப் பழனி மலைத்தொடரின் உச்சியிலிருந்தே தொடங்கலாம்.

மலைமேல் ஒரு சேமிப்பு

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றனர். பருவமழை ஏன் பொய்க்கின்றது, அதற்கும் கதிரவனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை அப்பஞ்சம் எழுப்பியது. அதன் விளைவாகவே கதிரவனை ஆராய்வதற்கென்று தனியானதோர் ஆய்வகம் வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. சென்னையில் 1792 முதல் இயங்கிவந்த வானாய்வகத்தின் பணி 1899ஆம் ஆண்டில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. மிச்சி ஸ்மித் என்பார் அதன் முதல் இயக்குநர். 1901 முதல் அங்கே முறையான ஆய்வுப்பணி நடைபெறலாயிற்று. 1909ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். அந்நிகழ்ச்சி இன்றளவும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே உலகெங்கும் வழங்கப்படுகின்றது.

கண்டுபிடிப்பைக் காட்டிலும் பெரியதொரு செல்வம் அம்மலைமேல் சேர்ந்தது. 1904 முதல் கதிரவனின் படங்கள் அங்கே கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிவு செய்யப்பட்டு வந்தன. கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. எனவே ஒரே இடத்தில் நூறாண்டுகள் எடுத்த படங்கள், அத்தகைய சுற்றுகள் ஒன்பது பத்தினை நமக்குக் காட்டுகின்றன. ஒரு மனிதனின் வாழ்நாளில் காணமுடியாததை, அடுத்தடுத்து வந்த பல தலைமுறைப் பணியாளர்கள் தகடு தகடாகச் சேர்த்து வைத்தனர். அவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அத்தகடுகளைக் கணினிப் படிமங்களாக மாற்றி, உலக ஆய்வாளர்கள் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்துள்ளது. கொடைக்கானல் என்னும் பெயரின் வேர் எதுவாயினும் ஆகுக. அவ்வூர் உலகுக்கு அளித்த கொடை இது.

ஆனால், படிமம் கையில் கிடைத்தால் மட்டும் போதுமா? அதனைத் திறந்து, அளந்து, ஒப்பிட்டு நோக்க ஒரு மென்பொருள் வேண்டுமே! கதிரவ ஆய்வாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திவந்த ‘சோலார்சாஃப்ட்’ என்னும் நிரல்தொகுதி இலவசமாகவே கிடைத்தது. எனினும் அது ‘ஐ.டி.எல்.’ என்னும், விலைகொடுத்து உரிமம் வாங்கவேண்டிய மென்மொழியின்மேல் இயங்குவது. கதவு திறந்திருந்தது, ஆனால் முற்றத்தில் நுழைவுக்கட்டணம் கேட்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சில இளம் ஆய்வாளர்கள் கூடி, ‘பைத்தான்’ என்னும் கட்டற்ற மொழியில் ‘சன்பை’ என்னும் தொகுதியை எழுதத் தொடங்கினர். அதனை ‘பி.எஸ்.டி.’ என்னும் உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். இன்று திண்டுக்கல்லில் பயிலும் ஒரு மாணவர், காசு எதுவும் செலவிடாமல், தம் ஊருக்கு அண்மையில் எடுக்கப்பட்ட நூற்றாண்டுப் படங்களைத் தம் கணினியிலேயே ஆராயலாம். அவருக்கு இவ்வாய்ப்பை அளித்தது உரிமத் தாள் ஒன்றின் சில வரிகளே. அவ்வரிகள் எங்கிருந்து வந்தன?

பூட்டும் திறவும்

கணினி தோன்றிய தொடக்கத்தில் மென்பொருளுக்கெனத் தனி விலை பெரும்பாலும் இல்லை; இயந்திரத்தோடு சேர்ந்தே அது வந்தது. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளையும் இயந்திரத்தையும் பிரித்து விலையிடப்போவதாக அறிவித்தது. பின்னர் 1980இல் அமெரிக்காவும், 1984இல் நம் நாடும் கணினி நிரலைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்தன. கவிதைக்கும் கதைக்கும் உள்ள பாதுகாப்பு நிரலுக்கும் கிடைத்தது. நிரலை எழுதியவர் அதன் உரிமையாளர். அவர் அனுமதியின்றி அதைப் படியெடுக்கவோ மாற்றவோ ஒருவருக்கும் உரிமையில்லை என்பது நிலைபெற்றது.

இம்மாற்றத்தின் இடர் முதலில் உறைத்தவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அங்கிருந்த அச்சியந்திரம் ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நிற்பதைக் கண்டு அதன் நிரலைத் திருத்த முனைந்தார். அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. தம் கையில் உள்ள பொருளைத் தாமே பழுதுபார்க்க இயலாத நிலையை அவர் ஏற்கவில்லை. 1983 செப்டம்பரில் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் ‘பொது உரிமம்’ எனப்படும் ஜி.பி.எல். ஆவணத்தை வெளியிட்டார்.

இவர்கள் வழங்கும் ‘விடுதலை’ என்னும் சொல்லை உலகம் தொடக்கத்தில் பிழைபடவே புரிந்துகொண்டது. ஆங்கிலத்தில் விடுதலைக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் வழங்குவதே அதற்குக் காரணம். அரபு மொழியில் இக்குழப்பத்துக்கு இடமில்லை. விடுதலை பெற்றது ‘ஹுர்ர்’. விலையின்றிக் கிடைப்பது ‘மஜ்ஜானீ’. தமிழிலும் அவ்வாறே கட்டற்றது வேறு, இலவசம் வேறு. கட்டற்ற மென்பொருளை விற்கலாகாது என்று எவரும் விதிக்கவில்லை. என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் வாங்கியவரின் கையைக் கட்டக்கூடாது. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இரு நெறிகள்

அக்காலத்திலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொரு நெறி தோன்றியது. அதுவே நாம் முன்னர்ச் சுட்டிய பி.எஸ்.டி. உரிமம். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய உரிமமும் அத்தகையதே. இவை கேட்பது மிகச் சிறிது: எழுதியவரின் பெயரையும் இவ்வறிவிப்பையும் நீக்காதே, பழுது நேர்ந்தால் எழுதியவர்மேல் வழக்கிடாதே. அவ்வளவே. எடுத்தவர் அதை மாற்றலாம். மாற்றியதை மூடி வைத்து விற்கலாம். மூலநிரலை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இயங்கும் அடித்தளத்தில் பெர்க்லி வழிவந்த நிரல்கள் இடம்பெற்றிருப்பது இவ்வாறே.

ஆசிரியரிடம் ஒரு நூலை ஓதிமுடித்த மாணவர், அதனைப் பிறர்க்கு ஓதிக்கொடுக்க ‘இஜாஸா’ பெறும் மரபை நம்மவர் அறிவர். யாரிடமிருந்து பெற்றோம் என்னும் தொடரை மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது அதில் முதன்மையானது. பி.எஸ்.டி. நெறி ஏறத்தாழ அத்தகையது. ஸ்டால்மனின் பொது உரிமமோ வக்ஃபு ஆவணத்தை நினைவூட்டுகின்றது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனை, நிர்வாகிகள் எத்தனை பேர் மாறினாலும் சொத்தைவிட்டு நீங்குவதில்லை. அதுபோலவே, பொது உரிமத்தின்கீழ் வந்த நிரலை ஒருவர் திருத்தி, அதைப் பிறர்க்கு விற்றாலோ வழங்கினாலோ, திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்தோடு வழங்கியாக வேண்டும். தாமே தம் அலுவலகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளும் வரை இக்கடப்பாடு எழாது. வெளியே வழங்கும்போதுதான் எழும். ஒப்புமைகள் முற்றும் பொருந்துவன அல்ல. எனினும் வேறுபாட்டை விளக்க இவை போதும்.

நிபந்தனை வணிகத்தைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சினர். வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது. பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதனைப் பகிர்வதற்கு எவரும் காசு வாங்கக்கூடாது என்றே விதித்திருந்தார். 1992இல் அவ்விதியைக் கைவிட்டுப் பொது உரிமத்துக்கு மாறினார். அதாவது விற்பனைக்கு இருந்த தடை நீங்கி, மூடிவைப்பதற்குத் தடை வந்தது. அதன் பின்னரே லினக்ஸை விற்று, பராமரித்துப் பொருளீட்டும் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான ரெட் ஹாட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கிற்று. மென்பொருளைத் தனி விலைக்கு விற்பதாக 1969இல் அறிவித்த அதே ஐ.பி.எம். தான் இது என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

நிபந்தனை வெறும் ஏட்டளவினதும் அன்று. 2003ஆம் ஆண்டில் லிங்சிஸ் என்னும் நிறுவனம் விற்ற இணையப் பகிர்வுப் பெட்டியில் லினக்ஸ் இருந்தது கண்டறியப்பட்டது. பொது உரிமத்தின்படி மூலநிரலை வெளியிடவேண்டியதாயிற்று. அதனைக்கொண்டு ஆர்வலர்கள் 2004இல் ‘ஓப்பன்வர்ட்’ என்னும் புதிய தொகுதியையே உருவாக்கினர். அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஹரால்ட் வெல்ட்டே என்னும் நிரலாளர் தொடுத்த வழக்கில் இவ்வுரிமத்தின் நிபந்தனைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தமிழெழுத்தின் அனுபவம்

இது பிற நாட்டார் கதை மட்டுமன்று. நம் தாய்மொழியின் எழுத்துக்கும் இவ்வினா வந்தது. கணினியில் தமிழ் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்தன. ஓர் எழுத்துருவில் அச்சுக்கோத்த கட்டுரையை, அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். ஒருங்குறி என்னும் யூனிகோட் முறை பரவிய பின்னரே அத்தொல்லை தணிந்தது. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் அதனை அரசாணையால் ஏற்றது.

அவ்விடைக்காலத்தில் தமிழ் ஒருங்குறிக்கு உழைத்தவர்களுள் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி அவர்கள் நினைவில் நிறுத்தத்தக்கவர். 1953இல் பிறந்து 2006இல் மறைந்த அவர், ‘தேனீ’ என்னும் ஒருங்குறி எழுத்துருவையும் எழுதுகருவிகளையும் ஆக்கி, விலையின்றி வழங்கினார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அவர் பெயரால் ஓர் அரங்கு அமைந்தது. நம் சமுதாயத்தினர் கணினித் தமிழுக்கு அளித்த கொடைகளுள் இது முன்னிற்பது.

எழுத்துருவுக்கு எவ்வுரிமம் ஏற்றது? ரெட் ஹாட் நிறுவனம் வழங்கிய ‘லோகித்’ என்னும் தமிழ் எழுத்துரு முதலில் பொது உரிமத்தின்கீழ் இருந்தது. ஆனால் எழுத்துரு, நூலின் கணினிப் படிக்குள்ளேயே பதிந்துவிடும் இயல்புடையது. அவ்வாறு பதிந்தால் அந்நூலும் பொது உரிமத்துக்கு உட்படுமோ என்னும் ஐயம் பதிப்பாளர்களுக்கு எழுந்தது. அவ்வையத்தை நீக்கத் தனி விலக்கு எழுதவேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்க்கவே எஸ்.ஐ.எல். நிறுவனம் ‘திறந்த எழுத்துரு உரிமம்’ ஒன்றை வகுத்தது. எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், தம் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கலாகாது. அதனைக்கொண்டு ஆக்கிய நூலை இவ்வுரிமம் கட்டுப்படுத்தாது. லோகித் 2011இல் இவ்வுரிமத்துக்கு மாறியது. கூகுள் நிறுவனத்தின் ‘நோட்டோ’ எழுத்துருக்களும் 2015இல் இதனையே ஏற்றன. பொருளின் இயல்பறிந்து உரிமம் தேர்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அவ்வெழுத்துரு உரிமத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஆக்கியவர் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். திருத்தியவர் வேறு பெயர் சூட்டவேண்டும். பழனி மலை மக்களுக்கு இது புதிதன்று. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டு பயிரிட எவருக்கும் தடையில்லை; ஆனால் அம்மலையில் விளையாததை அப்பெயரால் விற்கலாகாது. பொருள் பொது, பெயர் காப்பு. மென்பொருள் உலகிலும் ‘ஃபயர்பாக்ஸ்’ உலாவியைத் திருத்தி வழங்கிய டெபியன் குழுவினர், பெயருரிமைச் சிக்கலால் 2006 முதல் 2016 வரை அதனை ‘ஐஸ்வீசல்’ என்று அழைத்தனர்.

விற்க முனைவோர் கருதவேண்டுவன

பழனி மலையின் அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பேர்பெற்றது. அங்குள்ள மண்டிகளுக்குக் கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றை ஓர் இளைஞர் ஆக்கி விற்க முனைகின்றார் என்று கொள்வோம். முழுவதையும் அவரே எழுதப்போவதில்லை. பிறர் ஆக்கிய பகுதிகள் பலவற்றை எடுத்துச் சேர்ப்பார். எடுத்தவை எம்.ஐ.டி., பி.எஸ்.டி. வகையினவாயின், பெயரறிவிப்பைக் காத்துக்கொண்டு தம் நிரலை மூடியே விற்கலாம். எடுத்ததொன்று பொது உரிமத்தினதாகித் தம் நிரலோடு ஒன்றாகக் கலந்துவிட்டால், முழுவதையும் அவ்வுரிமத்தின்கீழ் வழங்கவேண்டும். மென்பொருளைத் தரும்போதே வாங்கும் மண்டிக்காரரிடம் மூலநிரலையும் கொடுத்துவிட்டால் கடமை தீரும். ‘எல்.ஜி.பி.எல்.’ என்னும் தளர்ந்த வகையும் உண்டு. அதன்கீழ் வந்த பகுதியை மூடிய நிரலோடு இணைக்கலாம், ஆயினும் அப்பகுதியை மாற்றிக்கொள்ள வாங்கியவருக்கு வழிவிடவேண்டும். எடுத்தவை ஒன்றோடொன்று பொருந்துமா என்பதையும் பார்க்கவேண்டும். அப்பாச்சி உரிமத்தின் 2ஆம் பதிப்பு, பொது உரிமத்தின் 3ஆம் பதிப்போடு பொருந்தும். 2ஆம் பதிப்போடு பொருந்தாது என்பது பொது உரிமத்தை வகுத்தவர்களின் கருத்து.

தாமே எழுதிய நிரலைத் திறந்து வைக்க விரும்பினால் மூன்று வழிகள் உண்டு. பலரும் எடுத்தாள வேண்டும், அதனால் தம் பெயர் பரவவேண்டும் என்று கருதினால் எம்.ஐ.டி. நெறி. திருத்தங்கள் தம்மிடமும் பொதுமக்களிடமும் திரும்பி வரவேண்டும் என்றால் பொது உரிமம். மூன்றாவது இரட்டை உரிமம்: பொதுமக்களுக்குப் பொது உரிமத்தில் கொடுத்து, மூடிவைத்துப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்களுக்கு அதே நிரலை வேறு உரிமத்தில் விற்பது. மைசீக்குவல் என்னும் தரவுத்தள நிறுவனம் இவ்வழியில் வளர்ந்தது. 2008இல் சன் நிறுவனம் அதனை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் நிரல் முழுவதும் தம் உரிமையாக இருப்பவரே இவ்வழியில் செல்ல முடியும். பிறர் எழுதித் தந்த திருத்தங்கள் சேர்ந்துவிட்டால் அவர்கள் ஒவ்வொருவரின் இசைவும் வேண்டும்.

உரிமத்தை இடையில் மாற்றுவதும் எளிதன்று. எலாஸ்டிக் என்னும் நிறுவனம் தன் மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் வழங்கிவந்தது. பெருநிறுவனங்கள் அதனை இணையவழிச் சேவையாக விற்று ஆதாயம் பெறுவதைக் கண்டு, 2021இல் கடுமையான உரிமத்துக்கு மாறியது. உடனே அமேசான் நிறுவனம் பழைய நிரலை எடுத்து, வேறு பெயரில் தனியே நடத்தத் தொடங்கியது. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பெற எலாஸ்டிக்கால் இயலவில்லை. 2024இல் அந்நிறுவனம், இணையவழிச் சேவைக்கும் நிபந்தனையை நீட்டும் ‘ஏ.ஜி.பி.எல்.’ உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. கொடுக்கும் முன்னரே ஆராய்தல் வேண்டும் என்பதே இதில் பெறப்படும் பாடம்.

எழுதி வைத்தலின் இன்றியமையாமை

ஒன்றை இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம். ‘யாவருக்கும் இலவசம்’ என்று வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு நோக்குவதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை, எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளிடம் நிற்கும். உரிமம் எழுதப்படாத நிரலை, நல்லெண்ணத்தோடேனும் மற்றொருவர் திருத்தி வெளியிடத் துணிய மாட்டார். கொடுத்தவரின் உள்ளம் தாராளமாக இருந்தும், கொடை பயன்படாமலே கிடக்கும். பாரதியாரின் பாடல்கள் தனியார் உரிமையில் இருந்து வழக்குக்கும் வாதத்துக்கும் இடமானதையும், 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்கு வழங்கியதையும் தமிழர் அறிவர். ஒவ்வோர் ஆக்கத்துக்கும் அரசே வந்து மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க முடியுமா?

நம் குடும்பங்களில் கணினித் துறையில் உழைக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். பழைய அரபுத்தமிழ் ஏடுகளையும் இதழ்களையும் கணினியேற்ற முனைவோரும் உள்ளனர். அவர்கள் ஆக்கும் அகராதிக்கும் எழுத்துருவுக்கும் கணக்கு மென்பொருளுக்கும் எவ்வுரிமம் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி உடன் வைக்குமாறு பெற்றோரும் ஆசிரியரும் அறிவுறுத்தல் வேண்டும். மூடி விற்பதும் முறையான தொழிலே. நிபந்தனையோடு திறப்பதும், நிபந்தனையின்றித் திறப்பதும் அவ்வாறே. பிறர் நிரலை எடுத்துக்கொண்டு அவர் விதித்த நிபந்தனையை மறைப்பது மட்டும் முறையன்று. அது அமானிதத்துக்கு மாறானது. கொடைக்கானல் மலையில் கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்தம் உழைப்பு இன்று உலகத்தின் கையில் இருக்கின்றது; திறந்து வைக்கவேண்டும் என்று பின்வந்தவர்கள் முடிவு செய்ததே அதற்குக் காரணம். நம் பிள்ளைகளின் உழைப்பும் அவ்வாறு நிலைபெற வேண்டுமாயின், அதற்கான முடிவை அவர்கள் இன்றே எடுத்தல் வேண்டும்.